சோத்து இந்தி

1

ஜோர்டானுக்கு வந்து நான்கு வருடம் முடிந்துவிட்டது. எனக்கு ஞாபகம் இல்லை. குடியிருப்பு அனுமதி அட்டையைப் புதுப்பிக்க வேண்டும் என்று கம்பெனியில் பஸ் ஏற்றி அனுப்பியபோதுதான் தெரிந்தது.

அந்த அலுவலகத்தில் காலை முழுவதும் நிற்க வேண்டும். ஒரு ஜன்னலில் போட்டோ, இன்னொன்றில் கைரேகை, இன்னொன்றில் முத்திரை. முத்திரை போடுகிறவர் டீ குடிக்கப் போயிருந்தால் எல்லோரும் காத்திருக்க வேண்டும். அதில் எனக்குக் குறை இல்லை. தாலுகா ஆபீசில் நின்று பழகியவன்.

பெயர்தான் தகராறு. என் பெயர் பழனிசாமி. அப்பா பெயர் சின்னசாமி. ஊரில் சி.பழனிசாமி என்றால் முடிந்தது. இங்கே பாஸ்போர்ட்டில் பின்னால் இருப்பதைத்தான் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். அதையும் முழுதாகச் சொல்ல வராமல் 'ஷின்னா' ஆக்கிவிட்டார்கள். அப்பா பொங்கலூரிலிருந்து திருப்பூர் தாண்டி எங்கும் போனதில்லை. அவர் பெயர் ஜோர்டானில் வேலை செய்கிறது. நான் திருத்தவில்லை. திருத்த ஆரம்பித்தால் எல்லாக் காகிதத்தையும் திருத்த வேண்டும்.

எனக்கு முன்னால் ஒரு உள்ளூர்க்காரர் நின்றார். ஜன்னலில் இருந்தவர் அவரை நாளைக்கு வா என்றார். அவர் கண்ணாடியைத் தட்டி, "ஷூ, அனா ஹிந்தி?" என்று கேட்டார். வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஹிந்தி என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. அரபியில் அது பாஷை இல்லை. இந்தியாக்காரன் என்று அர்த்தம்.

எங்கள் பஸ் டிரைவர் எகிப்துக்காரர். வெளியே வந்து அவரிடம் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. மறுபடி கேட்டதும் சொன்னார். 'ஏன், நான் என்ன இந்தியாக்காரனா?' என்று அர்த்தமாம். என்னை ஏமாளி என்று நினைத்தாயா என்று கேட்பதற்குப் பதில் அப்படிக் கேட்பார்களாம்.

"மனசில் வைக்காதே. சும்மா ஒரு பேச்சு" என்றார்.

சும்மா ஒரு பேச்சு. இதை முன்பு எங்கே கேட்டிருக்கிறேன் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். கேட்டதில்லை. நான் சொல்லியிருக்கிறேன்.

2

நான் எட்டாவது வரை படித்தவன். திருப்பூர் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில், டெய்லருக்குத் துணி மடித்துக்கொடுக்கிற கைமடி வேலையில் ஆரம்பித்து, பவர் டேபிள் டெய்லர் ஆகி, லைன் சூப்பர்வைசர் ஆனேன். பத்தொன்பது வருடம் ஒரே கம்பெனி.

முதலில் எங்கள் பக்கத்து ஆட்களே வேலை செய்தார்கள். அப்புறம் தெற்கே இருந்து வந்தார்கள். அவர்களைத் தெக்கத்தியான் என்போம். செல்வராஜ் என்று ஒருவர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்தார். என் வயது. கட்டிங் மாஸ்டர். இன்றைக்கும் என் ஒரே நண்பர் அவர்தான். என் போனில் அவர் பெயர் தெக்கத்தியான் என்றுதான் இருந்தது.

அப்புறம் வடக்கே இருந்து வந்தார்கள். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட். எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். இந்தி. 'இந்திக்காரன்' என்று முழுசாகச் சொல்லக்கூட நேரம் இல்லை. ஏய் இந்தி, இங்க வா. ஆட்கள் கூடக்கூட அடையாளம் வேண்டியிருந்தது. கண்ணாடி இந்தி. நெட்டை இந்தி. பீடா இந்தி. ஆள் கொண்டுவருகிற கான்ட்ராக்டர் நோட்டிலும் அப்படியே எழுதினார்.

ஓரம் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷினில் ஒருவன் இருந்தான். ஒல்லியாக இருப்பான். தலை நிமிராமல் தைப்பான். மற்ற இந்திக்காரர்கள் மத்தியானம் சப்பாத்தியைச் சுருட்டிக்கொண்டு வருவார்கள். இவன் டப்பாவில் தண்ணீர் ஊற்றிய பழைய சோறு கொண்டுவருவான். வெங்காயமும் பச்சை மிளகாயும் கடித்துக்கொள்வான். நாம் சாப்பிடுவது போலவேதான்.

செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இங்க பாருங்க. இந்தி சோறு திங்குது" என்றது.

"அப்ப இவன் சோத்து இந்தி" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்தது எனக்கு நல்ல ஞாபகம். அவனே சிரிக்கிறான், அப்புறம் என்ன என்று வைத்துக்கொண்டேன்.

அவன் இந்திக்காரனே இல்லை என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். ஒடிசாக்காரன். வீட்டில் பேசுவது ஒரியா. இந்தி அவனுக்கும் வேலை செய்யும் இடத்தில் கற்றதுதான். நான் இந்தி கற்றது ஜோர்டானில். இங்கேயும் துணி தைக்கிற கம்பெனிதான். லைனில் பீகார்க்காரர்கள், நேபாளிகள், வங்கதேசத்துக்காரர்கள். எல்லோரிடமும் வேலை வாங்க அது ஒன்றுதான் வழி. ஆண்பாலுக்குக் கா, பெண்பாலுக்குக் கீ என்பது எனக்கு எப்போதும் மாறும். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

3

அலுவலகத்துக்குப் போய் வந்த வாரத்தில் மினதி என்னிடம் வந்தாள். என் லைனில் கழுத்துக்கு ரிப் பட்டி ஏற்றுகிற பெண். ஒடிசா. மூன்று வருடக் கான்ட்ராக்ட் முடியப்போகிறது. ஊருக்குப் போனதும் கல்யாணம்.

சாப்பாட்டு நேரத்தில் எதிரில் வந்து உட்கார்ந்தாள். என்னோடு யாரும் உட்காரமாட்டார்கள். சூப்பர்வைசர் என்பதால் இருக்கலாம். நான் அதிகம் பேசமாட்டேன் என்பதாலும் இருக்கலாம்.

"ஷின்னா அண்ணா, நீங்க திருப்பூரா?" என்று இந்தியில் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

அவள் அண்ணன் திருப்பூரில் வேலை செய்தானாம். நான்கு வருடமாகத் தகவல் இல்லை. கடைசியாக அழைத்தபோது, வேலை போய்விட்டது, தப்பாகத் தைத்தேன் என்று அனுப்பிவிட்டார்கள், ஆனால் தைத்தது நான் இல்லை என்றானாம். அம்மா நம்பவில்லை. நீ ஒன்றும் செய்யாமல் எதற்கு அனுப்பினார்கள் என்று திட்டினாளாம். அன்றைக்கு வைத்த போன்தான். அப்புறம் அந்த நம்பரும் இல்லை.

அவர்கள் கல்யாணத்தில் பெண்ணின் கையில் அண்ணன் பொரி போட வேண்டுமாம். அந்தப் பொரியைத்தான் அவள் தீயில் விட வேண்டும். பெரியப்பா மகனை வைத்துச் செய்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளுக்கு மனம் இல்லை.

"அவன் இருக்கும்போது இன்னொருத்தர் கையால வேண்டாம்" என்றாள். இருக்கும்போது என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது. இருக்கிறானா என்றே அவளுக்குத் தெரியாது.

பெயர் சுதர்சன் என்றாள். எனக்கு அப்படி ஒருவரையும் தெரியாது. திருப்பூர் பெரிய ஊர் என்றேன்.

அவள் போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினாள்.

சோத்து இந்தி.

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

4

அவனை அனுப்பிய அன்றைக்கு நடந்தது இது.

ஏற்றுமதி ஆர்டர். நீல நிற டி-ஷர்ட். ஓவர்லாக்கில் ஒருவன் ரிப்பைச் சாய லாட் மாற்றி ஏற்றிவிட்டான். உடம்பு ஒரு நீலம், கழுத்து ஒரு நீலம். செக்கிங் மேசைக்கு வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. பெட்டி போகிற நாள்.

மேனேஜர் வந்து, "எவன் தெச்சது?" என்று கேட்டார்.

"இந்திங்க" என்றார்கள்.

"அந்த இந்தியை இப்பவே வெளிய அனுப்புங்க."

அந்த வரிசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் பீடா இந்தி, இன்னொருவன் சோத்து இந்தி. நான் திரும்பினேன். பக்கத்தில் நின்றவன் சோத்து இந்தி. போ என்றேன்.

"நான் இல்லீங்க" என்றான். தமிழில்தான் சொன்னான். ஒரு வருடத்தில் 'ங்க' போட்டுப் பேசக் கற்றிருந்தான்.

"பேச நேரமில்ல. போ."

அவன் நூல் வெட்டுகிற டிரிம்மரை மேசையில் வைத்தான். சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். அது இன்னும் சாப்பிடாத டப்பா.

டெய்லர்கள் தாங்கள் தைத்த துணிக்கட்டின் மேல் சாக்பீஸால் ஒரு அடையாளம் போடுவார்கள். சோத்து இந்தி ஒரு வட்டம் போட்டு உள்ளே கோடு கோடாகக் கிழிப்பான். மற்றவர்கள் ஒரு கோடு, ஒரு புள்ளி என்று விட்டுவிடுவார்கள். பீடா இந்திக்குப் பெருக்கல் குறி. இவன் மட்டும் எதற்கு இவ்வளவு நேரம் எடுத்து வரைகிறான் என்று நான் ஒருமுறை அதட்டியும் இருக்கிறேன். நாலு நாள் கழித்து, செக்கிங்கிலிருந்து திரும்பி வந்த நீல டி-ஷர்ட் கட்டுகளைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் பெருக்கல் குறி. வட்டம் ஒன்றில்கூட இல்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லித் தேடுவதற்கு எனக்கு அவன் பெயர் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். செல்வராஜிடம் கேட்டிருந்தால் எந்த ரூம் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. அடுத்த மாதம் எனக்கு விசா வந்தது. வந்துவிட்டேன்.

மினதி போட்டோவைக் காட்டிய பிறகுதான் அந்த வட்டம் பெருமாள் கையில் இருக்கிற சுதர்சனச் சக்கரம் என்று புரிந்தது. அவன் தன் பெயரைத்தான் வரைந்துகொண்டிருந்தான்.

5

முதலில் போனில் என் மகளிடம் கேட்டேன். கீர்த்தனா பதினொன்றாவது படிக்கிறாள். அவள் தோழியின் அப்பாவுக்குச் சொந்தமாகச் சின்னத் தையல் யூனிட் இருக்கிறது. ஒடிசாக்காரர் நிறையப் பேர் அங்கே உண்டு.

"சுதர்சன்னு ஒருத்தரு. கேட்டுச் சொல்லு கண்ணு" என்றேன்.

"அந்த வடக்கனுகளுக்கெல்லாம் பேரு யாருக்குங்ப்பா தெரியும்?"

"அப்படிச் சொல்லாதே."

"எல்லாரும் சும்மாதான் சொல்றாங்க. நீங்களே சொல்லுவீங்களே. சின்னதுல கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயி, இது நெட்டை இந்தி, இது பீடா இந்தின்னு எனக்குக் காட்டுனீங்களே."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"சரிங்ப்பா, டெஸ்ட் இருக்குது. அம்மாகிட்டக் குடுக்கட்டுங்களா?"

வேண்டாம் என்றேன். முன்பெல்லாம் போனை வைக்கமாட்டாள். என்ன சாப்பிட்டீங்க, அங்க பனி பேஞ்சுதா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். இப்போது டெஸ்ட். நான் ஊருக்கு அனுப்புவது அவள் படிப்புக்குத்தான். அதனால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை இங்கே விடுமுறை. மினதியை விடுதிக்கு வெளியே இருக்கிற சிமென்ட் பெஞ்சுக்கு வரச் சொன்னேன். நல்லூரில் சாப்பாட்டு நேரம் ஆகும்வரை பொறுத்து, போனில் 'தெ' என்று தட்டி செல்வராஜை அழைத்தேன். அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். அது தப்பு.

"என்னவே, உசுரோட இருக்கீரா?" என்றார் செல்வராஜ்.

"இருக்கறேன்ப்பா. ஒரு ஆளைத் தேடோணும்."

"பேரச் சொல்லும்."

"சுதர்சன்."

"எந்தச் சுதர்சன்?"

"நம்ம கம்பெனில ஓவர்லாக் ஓட்டுனானே. ஒடிசாக்காரன்."

"நம்ம கம்பெனில சுதர்சன்னு யாருவே இருந்தா? குளிருல மூள கீள உறைஞ்சு போச்சா?"

மினதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் திரும்பிக்கொண்டேன்.

"சோத்து இந்தி" என்றேன்.

"கேக்கல. சத்தமாச் சொல்லும்."

"சோத்து இந்திப்பா."

"அட, சோத்து இந்தியா. அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. அவனுக்குச் சுதர்சன்னா பேரு?" உடனே அங்கே பக்கத்தில் யாரிடமோ கத்தினார். "ஏல, நம்ம சோத்து இந்தி இப்ப எங்க இருக்கான்? ஆமா, சோத்து இந்தி."

அந்தப் பெயர் போனிலிருந்து நாலைந்து முறை வந்தது. விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். வைக்கும் முன் ஒன்று கேட்டார்.

"நாலு வருசங் கழிச்சு அவன் பேரக் கேட்டுத் தெரிஞ்சிருக்கீரு. எம் பேரு தெரியுமாவே?"

"செல்வராசு."

"ராசு இல்லவே, ராஜ். செல்வராஜ். என்னை எப்பவாச்சும் அப்படிக் கூப்பிட்டிருக்கீரா? நானும் உம்ம பேரப் போனுல 'ஏனுங்க'ன்னுதான் போட்டு வச்சிருக்கேன். சரிக்குச் சரி." சிரித்துக்கொண்டே வைத்தார்.

மினதி கேட்டாள். 'சோத்து இந்தி' என்றால் என்ன? அங்கே அவனை அப்படியா கூப்பிடுவார்கள்? தமிழில் பெரிய டெய்லர் என்று அர்த்தமா?

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"சோறு தின்கிற இந்தி" என்றேன்.

"நாங்க இந்தி இல்லையே" என்றாள்.

"தெரியும்."

"சோறுதானே எல்லாரும் சாப்பிடறது? நீங்களும்தானே?"

யார் அந்தப் பெயரை வைத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள். லைன் ஓடிக்கொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. செல்வராஜ்.

"ஆளு கெடச்சாச்சு. மூலனூர்ல நிக்கேன். முருங்கைக்காய் மார்க்கெட்டுல கட்டுச் சுமக்கான். பனியன் வேலையே வேண்டாம்னு இங்க வந்துட்டானாம். சுதர்சன்னு நாலு கம்பெனில கேட்டேன், ஒருத்தனுக்கும் தெரியல. சோத்து இந்தின்னு ஒரு டீக்கடையில கேட்டேன், வழியே சொல்லிட்டான். குடுக்கட்டா?"

நான் லைனை நிறுத்தவே மாட்டேன். அன்றைக்கு மினதியின் மெஷினை நானே கையை நீட்டி நிறுத்தினேன். அவளைப் படிக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் போனைக் கொடுத்தேன்.

அவள் ஒரியாவில் பேசினாள். அழவில்லை. வேகமாகப் பேசினாள், திட்டுகிற மாதிரி. நடுவில் எனக்கு ஒரு சொல் மட்டும் புரிந்தது. சோத்து இந்தி. அவள்தான் சொன்னாள். பிறகு போனை என்னிடம் நீட்டினாள்.

"சுதர்சன்" என்றேன்.

அந்தப் பக்கம் லாரி ஒன்று பின்னால் போவது கேட்டது.

"யாருங்க?"

"நல்லூர் கம்பெனி. லைன் சூப்பர்வைசர்."

"ஓ. நல்லா இருக்கீங்களாங்க?"

தமிழ் இன்னும் நன்றாக வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எங்கள் ஊர்க்காரன்தான்.

"அந்த நீல ரிப் ஏத்துனது நீ இல்லீன்னு எனக்குத் தெரியும்ப்பா. கட்டுல வட்டம் இல்ல. நாலு நாள்லயே தெரிஞ்சுது. நான் சொல்லீல."

"தெரியுங்க" என்றான். கோபம் இல்லை. "ரெண்டு இந்தி இருந்தோமுங்க. நீங்க கிட்ட நின்னவனைக் கூப்பிட்டீங்க."

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

அம்மா நம்பவில்லை என்று மினதி சொன்னது நினைவுக்கு வந்தது. அவளிடம் திரும்பி இந்தியில் சொன்னேன். உன் அண்ணன் தப்பாகத் தைக்கவில்லை. வேலையை விட்டு அனுப்பியது நான். அந்தப் பெயர் வைத்ததும் நான். அம்மாவிடம் சொல். "மேரா கல்தி", என் தப்பு என்றேன். 'மேரீ' என்று சொல்ல வேண்டுமாம். பிறகு ஒரு பீகார்க்காரர் திருத்தினார். மினதிக்கும் அந்த வித்தியாசம் தெரியாது. ஒரியாவிலும் அப்படிக் கிடையாதாம்.

அவள் போனை வாங்கி அவனிடம் இன்னும் கொஞ்சம் பேசினாள். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்தாள்.

அன்றிலிருந்து அவள் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை. சார் என்றாள். ஊருக்குப் போகிற நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். என் முன்னாலும் நின்றாள்.

"அவன் வர்றான். பொரி போடுவான்" என்றாள். அவ்வளவுதான்.

7

கல்யாணப் போட்டோ வந்தது. அவள் அனுப்பவில்லை. செல்வராஜுக்குச் சுதர்சன் அனுப்பி, அவர் எனக்கு அனுப்பியது. தீயின் முன்னால் மினதி இரண்டு கையையும் குவித்து நிற்கிறாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் பொரியைப் போடுகின்றன. முகம் தெரியவில்லை. கை தெரிகிறது. ஓவர்லாக் ஓட்டிய கை என்று எனக்குத் தெரியும்.

செல்வராஜ் சுதர்சனின் நம்பரையும் அனுப்பியிருந்தார். நான் அழைக்கப்போவதில்லை. இருந்தாலும் பதிந்துவைத்தேன். பெயர் என்ன என்று போன் கேட்டது. விரல் 'சோ' என்று தட்டிவிட்டது. அழித்துவிட்டுச் சுதர்சன் என்று எழுதினேன். அப்படியே கையோடு செல்வராஜின் பெயரையும் மாற்றினேன். ராஜ் என்றே எழுதினேன்.

போன வெள்ளிக்கிழமை விடுதியில் யாரும் இல்லை. எல்லோரும் ஊர் சுற்றப் போயிருந்தார்கள். கீர்த்தனாவை அழைத்தேன். எடுக்கவில்லை. சோறு வைத்தேன். மிச்சம் இருந்ததில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தேன். பிறகு செல்வராஜிடம் கொஞ்ச நேரம் பேசலாம் என்று போனை எடுத்து 'தெ' என்று தட்டினேன்.

அப்படி யாரும் இல்லை என்று காட்டியது.

ஆளுக்கு என்ன ஆயிற்று என்று ஒரு நிமிடம் பயந்துபோனேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. அவர் பெயரைத் தேடி எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.